பி.ஏ. முடிக்க: ரெகுலர் காலேஜா, இக்னோவா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எந்தக் காலேஜ், எவ்வளவு ஃபீஸ் என்பதுதான் பேச்சு. பட்டம் கைக்கு வர என்னென்ன முடித்திருக்க வேண்டும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஆள் மாட்டிக்கொள்வதோ அங்கேதான்.

ஒரு பக்கம் தினமும் வகுப்புக்குப் போகிற ரெகுலர் காலேஜ்; மறுபக்கம் தொலைநிலையில் படிக்கிற இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ரெகுலரை முதலில் பார்ப்போம். நம் குமரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஆறு செமஸ்டர். பகுதி ஒன்று தமிழ் அல்லது மலையாளம் போன்ற மொழிப்பாடம், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றுதான் நீங்கள் சேர்ந்த பாடம். நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, திறன் பாடங்கள்; ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை. மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 140 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). தேர்ச்சிக்கு 40 மார்க், வருகை 75 சதவீதம். வரலாற்றில் முதல் மார்க் வாங்கியவராக இருந்தாலும் சுற்றுச்சூழல் பேப்பரில் ஒரு அரியர் நின்றால் பட்டம் நின்றுவிடும். "அது சும்மா பேப்பர்தானே" என்று விடுகிறவர்கள் கவனிக்க.

இக்னோவின் கணக்கே வேறு. அதன் பி.ஏ. பொதுப் பட்டம் 132 கிரெடிட்: முதன்மைத் தாள்களுக்கு 72, மீதி மொழித்திறன், திறன் வளர்ப்பு, விருப்பப் பாடங்கள். ஒரே பாடத்தில் ஊன்றாமல் இரண்டு துறைகளைச் சேர்த்துப் படிக்கலாம். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி வந்த திட்டத்தில் 3 ஆண்டுக்கு 120, நான்காம் ஆண்டும் படித்தால் 160. 3 ஆண்டுப் பட்டத்தை முடிக்கக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதனால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. 132 கிரெடிட்டுக்கு 3,960 மணி. 3 ஆண்டில் முடிக்க தினமும் மூன்றரை மணிக்கு மேல் உட்கார வேண்டும். 6 ஆண்டு எடுத்தால் இரண்டு மணிக்குள் அடங்கும். ரப்பர் பால்வெட்டு முடித்துவிட்டு வருகிற குலசேகரத்துக்காரருக்கு அந்த இரண்டு மணியே பெரிய விஷயம்.

அப்புறம் அசைன்மென்ட். 30 சதவீத மதிப்பு அதற்கு, 70 தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியாக 35 சதவீதம் எடுக்க வேண்டும். அசைன்மென்ட்டைக் கையால் எழுதித் தர வேண்டும். தேர்வில் நல்ல மார்க் இருந்தும் ஒரு அசைன்மென்ட் கொடுக்காததால் அந்தத் தாள் முடியாமல் கிடக்கும். கரஸில் (தொலைநிலைப் படிப்பில்) சேர்ந்து பாதியில் விட்டவர்களைக் கேட்டால் இந்தக் கதைதான் வரும்.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளிக்கு இது ஒத்துவரும்: மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை; டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு எப்படியும் ஊர் திரும்புவார். வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற அவரிடம் 75 சதவீத வருகை கேட்டால் என்ன செய்வார்? குமரி மாவட்டத்துக்கு இக்னோவின் மண்டல மையம் திருவனந்தபுரம் என்பதும் நம்மவர்களுக்குத் தோதுதான்.

2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. இக்னோ புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி. இங்கே தமிழிலேயே பி.ஏ. படிக்கலாம். ஆங்கிலப் பாடநூலைக் கண்டால் ஒதுங்குகிறவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலைக்கு எது? வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2வின் பெரும்பாலான பதவிகளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் ரெகுலருக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் தெளிவாகவே அறிவித்தது. பட்டதாரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் மட்டும் பொதுப் பட்டம் வேண்டாம். அங்கே குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்பார்கள். இரண்டு துறையைப் பாதிப்பாதி படித்தவர் தவிக்க நேரும். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டை நம்புகிறவருக்கும் ரெகுலரில் தமிழ்வழி வகுப்பே பாதுகாப்பு.

பதினெட்டு வயதில், வீட்டில் சம்பாதிக்கச் சொல்லாத பிள்ளைக்கு நான் ரெகுலரைத்தான் சொல்வேன். வருகைப் பதிவேடு என்ற பயம் இல்லாவிட்டால் அந்த வயதில் யார் படிக்கிறார்கள்! வேலைக்குப் போகிறவருக்கு இக்னோ, ஆனால் 3 ஆண்டு என்று வீட்டில் வாக்குக் கொடுக்காமல் நாலரை, ஐந்து என்று திட்டமிடுங்கள். பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகப் பட்டத்துக்குப் போக வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால், சேரும் முன்பே தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.