தாழ்சர்க்கரைக்குக் கைவசம் எது: குளுக்கோஸா, பழச்சாறா, மிட்டாயா?

நீரிழிவுக்காரர்களுக்கு இரவில் ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும்போது, சட்டென்று ரத்தத்தில் சேரும் சர்க்கரை 15 கிராம் உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி 15 கிராம். இனிப்பு பல்லைக் கெடுக்குமே என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. யோசிக்க வேண்டியது, தலைமாட்டில் எதை வைப்பது என்று முடிவு செய்யும்போது.

எங்கள் முதல் தேர்வு குளுக்கோஸ் மாத்திரை. குடலில் உடைபடத் தேவையில்லாமல் அப்படியே ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு மாத்திரையில் பெரும்பாலும் 4 கிராம். நான்கு போதும், அளவு தவறாது. அக்கார்போஸ், வோக்லிபோஸ் என்ற நீரிழிவு மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும்: வெள்ளைச் சர்க்கரை உடைவதையே அந்த மருந்துகள் தடுக்கின்றன. பலர் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக் காத்திருக்கிறார்கள். அது தவறு, மென்று விழுங்கினால்தான் வேலை செய்யும். வாய் வறண்டு மெல்ல முடியாதவர்கள், 15 கிராம் குளுக்கோஸ் பொடியை முன்கூட்டியே நிறுத்துப் பொட்டலமாக வைத்து, அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடிக்கலாம்.

பழச்சாறு 150 மி.லி. இதுவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஆனால் புளிப்பு பல்லின் எனாமலை இளக்கும். இரவில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் அதைக் கழுவித் தள்ள ஆளில்லை. ஆகவே கொப்பளித்தபடி உறிஞ்சாமல் மடமடவென்று குடித்துவிடுங்கள். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆரஞ்சுச் சாறு ஆகாது, ஆப்பிள் சாறு நல்லது.

மிட்டாய் வேறு எதுவும் கிடைக்காதபோது மட்டும். சப்பிக் கரைக்க நேரமாகும், அரை மயக்கத்தில் தொண்டையில் சிக்கலாம். டாஃபி இன்னும் மோசம்: ஈறு இறங்கி வேர் தெரியும் இடத்தில் பசையாக அப்பிக்கொள்ளும். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, எளிதில் சொத்தை விழும். சாக்லேட்டின் கொழுப்போ சர்க்கரை ஏறுவதையே தாமதப்படுத்தும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சர்க்கரை ஏறித் தெளிந்ததும் வெறும் நீரால் இரண்டு முறை வாய் கொப்பளியுங்கள். உடனே பிரஷ்ஷை எடுத்தால் இளகிய எனாமல் தேயும். அரை மணி நேரம் பொறுங்கள். வாரத்துக்கு இரண்டு இரவு இப்படி எழ வேண்டியிருந்தால், மருந்தின் அளவை மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும்.