கைனோகுலர்: கையில் அடங்கும் கொல்போஸ்கோப் கொழும்பு கிளினிக்குகளுக்குச் சரிவருமா?

சரிவரும். ஆனால் ஸ்டாண்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் செய்யும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால் அடுத்தது கொல்போஸ்கோப்பி. வெட்டும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் வைத்து, கருப்பைக் கழுத்தில் வெளிச்சம் அடித்து, பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஹம்பர்க்கில் ஹான்ஸ் ஹின்செல்மன் 1925இல் தொடங்கிய முறை இது. அறையின் ஒரு மூலையையே பிடித்துக்கொள்ளும் அந்தக் கருவியை சுவீடன்காரர்கள் கைக்குள் அடக்கியதுதான் கைனோகுலர். பற்றரியில் ஓடும் எல்.இ.டி. வெளிச்சம், 5, 8, 12 மடங்குப் பெரிதாக்கம், பச்சை ஃபில்டர். டாக்காவில் இதையும் பெரிய கருவியையும் ஒரே பெண்களிடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஸ்வீட் ஸ்கோர் என்ற மதிப்பெண் முறையில் ஒப்பிட்டார்கள். இரண்டின் முடிவுகளும் நன்றாகவே ஒத்துப்போயின.

குவியத் தூரம் 300 மில்லிமீற்றர். பயொப்சி (திசு மாதிரி) எடுக்கும் இடுக்கி நுழைய அந்த இடைவெளி தாராளம். சிக்கல் கையில்தான். 12 மடங்கில் சிறு நடுக்கமும் படத்தைக் கலைத்துவிடும். கருவி ஒரு கையில் இருந்தால், மற்றக் கையால் பஞ்சையும் இடுக்கியையும் சமாளிக்க முடியாது. அதோடு ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் ஆழம் தெரியாது. இடுக்கியின் நுனி திசுவைத் தொட்டதா, அதற்கு முன்னால் நிற்கிறதா என்பது பழகும்வரை குழப்பும். ஸ்டாண்டை வலியுறுத்துவது இதனால்தான்.

கருவி எவ்வளவு நல்லதானாலும் ஒழுங்கு தவறினால் பயனில்லை. முதலில் சேலைன் (உப்பு நீர்) நனைத்த பஞ்சால் சளியை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இரத்தம் கசியும். அடுத்தது பச்சை ஃபில்டர். அது சிவப்பை வெட்டுவதால் இரத்தக் குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். பலர் இதை அமிலம் பூசிய பிறகு செய்கிறார்கள். அப்போது திசு வெளுத்து, குழாய்கள் காட்டும் புள்ளி வடிவமும் மொசைக் (கட்டம் கட்டமான) வடிவமும் பாதி மறைந்துவிடும். பிறகு 5 வீத அசற்றிக் அமிலத்தில் ஊறிய பஞ்சை முழு 1 நிமிடம் வைத்துப் பிடியுங்கள். கரு பெருத்து நெருங்கிய செல்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அந்த இடம் வெண்மையாகும். 20 விநாடியில் பஞ்சை எடுத்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்பதுதான் நாம் அடிக்கடி காணும் பிழை. முதிராத மெற்றாபிளேசியாவின் (ஒருவகைச் செல் இன்னொரு வகையாக மாறும் இயல்பான நிலை) மெல்லிய வெண்மை சீக்கிரம் மங்கும். கடுமையான மாற்றத்தின் வெண்மை தடிப்பாக, ஓரம் தெளிவாக, நீண்ட நேரம் நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அமிலத்தைத் திரும்பப் பூச வேண்டும்.

கடைசியில் லூகோல் அயோடின். அதற்குமுன் அயோடின் ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். கிளைக்கோஜன் உள்ள நல்ல திசு கடும் கபிலமாகும். மாற்றம் உள்ள இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். வெண்மை, ஓரம், குழாய், அளவு, அயோடின் என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளியிட்டால் வருவது ஸ்வீட் ஸ்கோர். மொத்தம் 5ஐத் தொட்டால் பயொப்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

போனை மாட்டிப் படம் எடுக்கும்போது ஓட்டோ வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெண்மையான பகுதி கண்கூசும் ஒரே வெள்ளைத் திட்டாகி ஓரம் அழிந்துவிடும். ஈரத்தில் மினுமினுப்பு விழுந்தால் கோணத்தைச் சற்றுச் சாயுங்கள். யோனிச் சுவர் உள்ளே சரிந்து மறைத்தால், நுனி வெட்டிய கொண்டத்தை ஸ்பெகுலத்தின் மேல் மாட்டினால் போதும். கொழும்பு ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள்.

எந்த வெளிச்சத்துக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்றவர்களில் பெரும்பாலும் மாற்ற வலயம், அதாவது செல்கள் வகை மாறும் பகுதி, கருப்பைக் கழுத்துக் கால்வாயின் உள்ளே ஏறிவிடும். இது 3ஆம் வகை. அங்கே வெண்மை தெரியாததை வைத்து "நோர்மல்" என்று எழுதக் கூடாது. "முழுதாகத் தெரியவில்லை, வகை 3" என்று எழுதி, கால்வாயிலிருந்து மாதிரி எடுக்க அனுப்புங்கள்.