நாற்பதைத் தொட்ட தடுப்பாட்டக்காரரை இனி யார் எடுப்பார்கள்?

ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டக்காரர்களான ரயன் சூட்டரும் பிரென்ட் பர்ன்ஸும் 1985ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் பிறந்தவர்கள். இளம் வீரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் 2003ஆம் ஆண்டு வீரர் தேர்வில் இருவரும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். மின்னசோட்டா வைல்டு அணியிலிருந்து பர்ன்ஸ் 2011இல் வெளியேற, மறு ஆண்டே அங்கு சூட்டர் வந்து சேர்ந்தார். 2024-25 பருவத்தில் இருவருமே 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஆடி முடித்தார்கள், அதுவரை இருவர் கைக்கும் லீகின் வாகையர் பரிசான ஸ்டான்லி கோப்பை எட்டியிருக்கவில்லை. இவ்வளவு ஒத்துப்போகும் இருவரில் பர்ன்ஸை 2025 ஜூலையில் கொலராடோ அவலாஞ்ச் அணி ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது; சூட்டரோ அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கியபோது எந்த அணியிலும் இல்லை.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சமான என்.எச்.எல். லீகில் 32 அணிகள் உள்ளன. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் வழக்கமாக 6 தடுப்பாட்டக்காரர்களை மூன்று ஜோடிகளாகக் களமிறக்கும். ஏழாமவரும் சில நேரம் எட்டாமவரும் கோட்டும் டையுமாக மேலே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆக, களத்தில் இருப்பவை 192 இடங்கள். வயதானவர்களுக்கு எட்டக்கூடியவை பெரும்பாலும் மூன்றாம் ஜோடியிலும் ஏழாம் நாற்காலியிலும்தான் உள்ளன. அந்த நாற்காலியைப் பிடிக்க ஐந்து வழிகள் இருக்கின்றன: ஊக்கத்தொகையுடன் கூடிய ஓராண்டு ஒப்பந்தம், செப்டம்பர் முகாமில் சோதனை ஒப்பந்தம், கீழ் லீகான ஏ.எச்.எல்., ஐரோப்பா, வீட்டில் காத்திருத்தல். இவை ஒன்றுக்கொன்று மாற்றாகத் தோன்றினாலும் ஒன்றில் கால் வைத்தால் இன்னொன்றின் கதவு சாத்திக்கொள்ளும் என்பதால், எந்த வரிசையில் தட்டுவது என்பதே உண்மையான கேள்வி.

முதுமை தடுப்பாட்டக்காரரை எங்கே பிடிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எதிரணியினர் நடுக்கோட்டைத் தாண்டியதும் பக் எனப்படும் ரப்பர் வட்டை மூலைக்கு அடித்துவிட்டுப் பாய்ந்து வருகிறார்கள். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரர் இடுப்பைத் திருப்பி முன்னோக்கி ஓடி, பலகைச் சுவரை எட்டுவதற்குள் இரண்டு முறை தோளுக்கு மேலே பார்க்க வேண்டும்: துரத்தி வருபவர் எந்தப் பக்கம், தன் ஜோடி எங்கே நிற்கிறார் என்று. அனுபவசாலி அந்த இரண்டு பார்வையிலேயே பக்கை எங்கே தள்ளுவது என்று முடிவு செய்துவிடுவார். அதில் இருபது வயதுக்காரர் அவருக்கு ஈடில்லை. ஆனால் அந்த இடுப்புத் திருப்பம் கண்ணிமைக்கும் அளவுக்குத் தாமதித்தால்கூட அறிவு கைகொடுக்காது, முதுகில் மோதல் விழுந்துவிடும். 2005-06 பருவம் முதல் பிடித்து இழுப்பதையும் குறுக்கே மறிப்பதையும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கிய பின், மெதுவானவர்கள் மட்டையால் கொக்கி போட்டு நேரம் வாங்கும் பழைய உபாயமும் போய்விட்டது.

ஐந்து வழிகளில் முதலாவதைத்தான் நான் வெகுவாக நம்புகிறேன். 35 வயதைக் கடந்தவர் ஓராண்டுக்குக் கையெழுத்திட்டால், அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை போன்ற இலக்குகளுக்கு ஊக்கத்தொகை வைத்துக்கொள்ள லீகின் விதிகள் இடம் தருகின்றன. அந்த ஊக்கத்தொகையால் அணியின் மொத்தச் சம்பளம் லீகின் உச்சவரம்பை மீறினால், மீறிய தொகையை அடுத்த ஆண்டின் கணக்கில் ஒரு வரம்புக்குள் தள்ளிக்கொள்ளலாம். அணிக்கு இது ஏறக்குறைய கடனுக்கு வாங்குவது போலத்தான். ஆள் தேறாவிட்டால் இழப்பு சொற்பம். பர்ன்ஸின் ஒப்பந்தத்தில் அடிப்படை 10 லட்சம் டாலர், ஊக்கத்தொகை 30 லட்சம் வரை. அதற்கு முந்தைய ஆண்டு சூட்டருக்கு செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் கொடுத்ததும் இதே வார்ப்புதான்: அன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 7.75 லட்சம், அதற்கு மேல் 22.25 லட்சம் வரை ஊக்கத்தொகை.

குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு மூத்த வீரர் சம்மதிக்கிறார் என்றால் அது பணிவு என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது கணக்கு. மின்னசோட்டாவுடன் 13 ஆண்டுகளுக்கு 9.8 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டிருந்த சூட்டரை 2021இல் அந்த அணி, நான்கு ஆண்டுகள் மீதமிருக்கும்போதே ஈட்டுத்தொகை கொடுத்து விடுவித்தது. அந்தத் தொகை மீதக் காலத்தின் இரு மடங்கு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவதால் 2028-29 வரை வந்துகொண்டிருக்கும். 2024இல், அடுத்து அவர் சேர்ந்திருந்த டல்லஸ் அணியும் அவரை அதே முறையில் விடுவித்தது. இரண்டு பழைய அணிகள் படியளந்துகொண்டிருக்கும்போது மூன்றாவது அணியிடம் மலிவாக வேலை கேட்பது அவருக்குக் கஷ்டமில்லை. அப்படிப்பட்ட பின்பலம் இல்லாத, காலமெல்லாம் மூன்றாம் ஜோடியிலேயே ஆடிய ஒருவருக்கு இதே ஒப்பந்தம் வேறு விதமாகக் கனக்கும்.

இந்த வழியில் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் ஸ்டெனோ சாரா. பாஸ்டன் புரூயின்ஸுக்கு 14 பருவங்கள் தலைவராக இருந்து 2011இல் கோப்பையை உயர்த்திய அந்த 6 அடி 9 அங்குலக்காரரிடம், இளைஞர்களை முன்னிறுத்தப் போவதாக அணி தெரிவித்தது. 43 வயதில், 2020 டிசம்பர் இறுதியில், 7.95 லட்சம் டாலருக்கு வாஷிங்டன் கேப்பிடல்ஸில் சேர்ந்தார். அந்த ஆண்டு கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃபின் முதல் சுற்றில் வாஷிங்டனை வீட்டுக்கு அனுப்பியது பாஸ்டன்தான் என்பது விதியின் குறும்பு. அடுத்த பருவத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸுக்காக 72 ஆட்டங்கள் ஆடி, ஒரு தடுப்பாட்டக்காரர் ஆடிய மொத்த ஆட்டங்களுக்கான சாதனையையும் தாண்டி 1,680இல் நிறுத்தினார். இருந்தாலும் சாராவைக் காட்டி எல்லோருக்கும் நம்பிக்கை ஊட்டுவது நியாயமில்லை என்பேன். அவருடைய கை நீளத்துக்கும் மட்டை நீளத்துக்கும், இரண்டடி பின்தங்கினாலும் எதிரியின் பக்கைத் தட்டிவிட முடியும். ஆறடி மனிதருக்கு அந்த இரண்டடி கிடைக்காது.

பர்ன்ஸுக்கும் சூட்டருக்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டில் ஒரு பங்கு மட்டையின் பக்கத்தைப் பொறுத்தது. பர்ன்ஸ் வலக்கை ஆட்டக்காரர், சூட்டர் இடக்கை ஆட்டக்காரர். லீகில் இடக்கையாளர்கள் அதிகம், வலக்கைத் தடுப்பாட்டக்காரர்கள் குறைவு. வலப்பக்கச் சுவரோரம் வரும் பக்கைப் புறமட்டையால் தடுமாறாமல் நேராக எடுத்து அனுப்பக்கூடியவருக்கு வயது ஏறினாலும் விலை இறங்குவதில்லை. இரண்டாவது காரணம், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து பர்ன்ஸ் அடிக்கும் ஷாட். கால் தளர்ந்தாலும் அது போய்விடாது. சூட்டரின் சரக்கு, நிமிடங்களைச் சிந்தாமல் சிதறாமல் ஆடிக் கொடுக்கும் நிதானம். அதே நிதானத்தைப் பாதி வயதில் ஓர் இளைஞர் கற்றுக்கொண்டுவிட்டால் மேலாளர் இளைஞரைத்தான் எடுப்பார், ஏனென்றால் அவருக்கு அடுத்த ஆண்டும் உண்டு.

ஜூலை, ஆகஸ்டு கழிந்தும் தொலைபேசி ஒலிக்காவிட்டால் மிஞ்சுவது சோதனை ஒப்பந்தம். வீரர் முகாமுக்கு வருவார், பயிற்சி ஆட்டங்கள் ஆடுவார். தேறினால் கையெழுத்து, தேறாவிட்டால் விமானச் சீட்டு. இதைப் பிச்சைப் பாத்திரம் என்று கேலி செய்பவர்கள் ஜாக் ஜான்சனை மறந்துவிடுகிறார்கள். 34 வயதில் 2021 செப்டம்பரில் கொலராடோ முகாமுக்கு இப்படித்தான் போனார், ஓராண்டு ஒப்பந்தம் பெற்றார், 2022 ஜூனில் கோப்பையைத் தூக்கினார். மறுபக்கம் ஆன்டன் ஸ்ட்ரால்மன். 2022இல் பாஸ்டன் முகாமில் தேறி 10 லட்சம் டாலர் ஒப்பந்தமும் பெற்றார், ஆனால் ஆடியது 8 ஆட்டங்கள். முகாமில் இடம் பிடிப்பது வேறு, அடிபட்டவர்கள் குணமாகித் திரும்பிய பிறகும் இடத்தைக் காப்பது வேறு.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பயிற்சி ஆட்டங்களில்கூட ஒவ்வோர் அணியும் குறைந்தது எட்டு அனுபவ வீரர்களைக் களமிறக்க வேண்டும் என்பது விதி. தன் முதல்தர வீரர்களை ஓய்வில் வைக்க விரும்பும் அணி, அந்த எட்டில் ஒன்றிரண்டை நிரப்பவே பழைய பெயர் ஒன்றை அழைப்பதும் உண்டு. ஆகவே அழைப்பு வந்தது என்பதைவிட, அந்த அணியில் தன் பக்கத்தில் உண்மையிலேயே ஓர் இடம் காலியாக இருக்கிறதா, நீண்டகாலக் காயத்தில் யாராவது படுத்திருக்கிறார்களா என்பதையே முகவர் விசாரிக்க வேண்டும்.

ஏ.எச்.எல். வழியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அந்த லீக் இளைஞர்களை வளர்ப்பதற்கானது. களமிறங்கும் 18 ஆட்டக்காரர்களில் 13 பேர் தொழில்முறை ஆட்டங்கள் குறைவாக ஆடிய வளரும் வீரர்களாக இருக்க வேண்டும் என்பதால், மூத்தவர்களுக்கு ஐந்தே இடங்கள். வார இறுதியில் அடுத்தடுத்த நாள்களில் ஆட்டம், பேருந்துப் பயணம் என்று நாற்பது வயது முதுகுக்கு ஒவ்வாத வாழ்க்கை. கிரிஸ் செலியோஸ் அதையும் செய்தார். டெட்ராய்ட் அவரை 2009இல் விட்டபோது அவருக்கு வயது 47. ஏ.எச்.எல். அணியான சிகாகோ வுல்வ்ஸில் சேர்ந்து 46 ஆட்டங்கள் ஆடி, 2010 மார்ச்சில் அட்லாண்டா த்ராஷர்ஸ் அழைக்க, 48 வயதில் மேலும் 7 என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடினார். நாற்பத்தாறு கொடுத்து ஏழு வாங்கிய இந்த வியாபாரத்தில் லாபம் பார்க்க, ஆட்டத்தின் மீது அவருக்கிருந்த அளவு வெறி வேண்டும். ஜேசன் டெமர்ஸுக்கு இதைவிடக் கறாரான கணக்கு வாய்த்தது: 699 என்.எச்.எல். ஆட்டங்களில் நின்றுபோயிருந்தவர் 2022-23இல் எட்மன்டனின் கீழ் அணியான பேக்கர்ஸ்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருக்க, எட்மன்டன் அவரை மேலே அழைத்து 700ஆவது ஆட்டத்தை ஆடவைத்தது.

ஐரோப்பா இதற்கு நேர்மாறு. அங்கே மூத்த தடுப்பாட்டக்காரர் மிச்சம் மீதியாக அல்ல, அணியின் தூணாக வரவேற்கப்படுவார். வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள், குறைவான பயணம், இருபதுக்கு மேற்பட்ட நிமிடங்கள். அரங்கின் அளவு மட்டும் இரு விதமாக வேலை செய்கிறது. என்.எச்.எல். தளத்தின் அகலம் ஏறத்தாழ 26 மீட்டர், ஐரோப்பாவின் மரபான தளம் 30 மீட்டர் வரை போகும். பக்கோடு நிதானிக்க அந்த நான்கு மீட்டர் உதவும்; வேகமான சிறகு ஆட்டக்காரரை ஓரத்தில் துரத்த வேண்டி வந்தால் அதே நான்கு மீட்டர் கொல்லும். சுவிட்சர்லாந்தில் வெளிநாட்டவருக்கு அணிக்கு ஆறு இடங்கள்தான் என்பதால், அங்கே கனடியத் தடுப்பாட்டக்காரர் கோல் அடிக்கும் முன்கள வீரர்களோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டும்.

ஆன்ட்ரெய் மார்க்கோவ் இந்த வழியின் இனிப்பையும் கசப்பையும் சேர்த்தே சுவைத்தவர். தன் என்.எச்.எல். வாழ்வு முழுவதையும் மான்ட்ரியாலுக்கே ஆடியவர், 2017இல் ஒப்பந்தப் பேச்சு முறிந்து ரஷ்யாவில் கசானின் அக் பார்ஸ் அணிக்குப் போனார். முதல் பருவத்திலேயே அந்த லீகின் வாகையர் பரிசான ககாரின் கோப்பை கிடைத்தது. ஆனால் அவருடைய என்.எச்.எல். கணக்கு 990 ஆட்டங்களில் நின்றுவிட்டது, திரும்பவே இல்லை. நிக்லஸ் யால்மார்ஷன் எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டு போனவர்: சிகாகோவின் என்.எச்.எல். அணியில் மூன்று கோப்பைகள் வென்றவர், இரண்டாம் தரத்துக்கு இறங்கியிருந்த தன் பழைய ஸ்வீடன் அணி எச்.வி.71க்கு 2021இல் திரும்பி, அதை மீண்டும் மேல் தரத்துக்கு ஏற்றிவிட்டே மட்டையைக் கீழே வைத்தார்.

ஐரோப்பாவுக்குப் போவோர் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். என்.எச்.எல். பருவம் தொடங்கிய பின் ஐரோப்பிய லீகில் ஆடிய ஒருவர் அதே பருவத்தில் என்.எச்.எல். அணியோடு கையெழுத்திட்டால், அவரை முதலில் எல்லா அணிகளுக்கும் ஏலம் காட்டுவது போல வேவர்ஸ் பட்டியலில் போட வேண்டும். வேறு எந்த அணியும் அவரைப் பறித்துக்கொள்ளலாம். ஒரு மேலாளர் ஜனவரியில் அரும்பாடுபட்டு ஒருவரைப் பேசி முடித்து, போட்டி அணிக்குத் தாரை வார்ப்பாரா? அதனால் அக்டோபரில் சூரிக்கிலோ ஸ்டாக்ஹோமிலோ ஒரு ஆட்டம் ஆடினாலே அந்தப் பருவத்தின் என்.எச்.எல். கனவு பெரும்பாலும் முடிந்தது.

வீட்டில் காத்திருப்பவருக்கு அந்த இடர் இல்லை. ஜனவரியில் காயங்கள் குவியும்போது நேரே கையெழுத்திடலாம். வீரர் பரிமாற்றக் கெடு முடிவதற்குள் ஒப்பந்தமானால் பிளேஆஃபிலும் ஆடலாம். ஆனால் மூன்று மாதம் தனியாகச் சறுக்கும் கால்கள் ஆட்டச் சூட்டை இழந்துவிடும், அதுவும் அந்த இடுப்புத் திருப்பத்தில்தான் முதலில் தெரியும். கால்கரியின் முன்னாள் தலைவர், 35 வயதில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை வென்ற மார்க் ஜியோர்டானோ, 2024 கோடையில் ஒப்பந்தம் முடிந்த பின் 2024-25 முழுவதும் எந்த அணிக்கும் ஆடவில்லை.

ஆகவே என் வரிசை இதுதான். ஜூலையில் ஓராண்டு ஒப்பந்தம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு குறைந்தாலும் சரி. கிடைக்காவிட்டால், தன் பக்கத்தில் காலி இடமுள்ள அணியின் முகாம். அங்கேயும் தேறாவிட்டால் வலக்கையாளர் நவம்பர் வரை வீட்டில் பொறுத்துப் பார்க்கலாம், இடக்கையாளர் பொறுக்காமல் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுவதே மேல். ஏ.எச்.எல்., டெமர்ஸைப் போலக் கைக்கெட்டும் எண்ணிக்கை ஒன்று மிச்சமிருப்பவருக்கு மட்டும். சூட்டருக்கு அந்த ஆசையும் மிச்சமில்லை. 1,500 ஆட்டங்களை அவர் செயின்ட் லூயிஸிலேயே தாண்டிவிட்டார்.