விதிச் சிக்கலுக்கு விடை எங்கே: மேஜிக்கின் புத்தகத்திலா, யூ-கி-ஓவின் அரைப்புள்ளியிலா?

கார்டு விளையாட்டில் சண்டை வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இரண்டு கார்டுகள் மோதுகின்றன. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. சேர்ந்தால் என்ன ஆகும் என்று எதிலும் எழுதவில்லை. அப்போது எங்கே போய்ப் பார்ப்பது என்பதில் மேஜிக் த கேதரிங்கும் யூ-கி-ஓவும் வேறுவேறு பாதையைத் தேர்ந்திருக்கின்றன. மேஜிக் விடையை விதிப்புத்தகத்தில் வைத்திருக்கிறது. யூ-கி-ஓ அதைக் கார்டின் வாக்கிய அமைப்பிலேயே வைக்கப் பார்க்கிறது, அதற்குள் அடங்காததைக் கேள்வி-பதிலாகத் தீர்க்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நடுவர் இல்லாத மேஜையில் மேஜிக்கின் வழிதான் மேல். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் எழும் சின்னக் கேள்விகளை யூ-கி-ஓ தீர்க்கும் வேகம் மேஜிக்கில் கிடையாது.

மேஜிக்கில் காம்ப்ரிஹென்சிவ் ரூல்ஸ் என்று ஒரு தொகுப்பு உண்டு. இருநூறு பக்கங்களைத் தாண்டும், ஒவ்வொரு வரிக்கும் எண் இருக்கும், புதிய செட்டுகள் வரும்போது திருத்தி இலவசமாக வெளியிடுகிறார்கள். அதன் பலம் என்ன என்று காட்ட டார்மோகாய்ஃப் என்ற மிருகக் கார்டு போதும். எல்லாருடைய கிரேவ்யார்டிலும், அதாவது பயன்படுத்திய, அழிந்த கார்டுகள் போகும் குவியலிலும், சேர்த்து எத்தனை வகைக் கார்டுகள் கிடக்கின்றனவோ, அதுதான் அந்த மிருகத்தின் பவர், அதாவது தாக்கும் வலு. அதோடு ஒன்று கூட்டினால் டஃப்னஸ், அதாவது தாங்கும் வலு. கிரேவ்யார்டுகளில் கிரியேச்சர் (மிருகம்), லேண்ட் (நிலம்) என்ற இரண்டு வகைகள் மட்டும் கிடக்கின்றன என்று வையுங்கள், டார்மோகாய்ஃப் 2/3. எதிராளி லைட்னிங் போல்ட் என்ற ஸ்பெல்லைப் போட்டு 3 டேமேஜ் கொடுக்கிறார். டஃப்னஸ் மூன்று, டேமேஜும் மூன்று. செத்துவிட்டது என்று கை தானாக நீளும்.

சாகவில்லை. விதி 608 என்ன சொல்கிறது? ஸ்பெல் தன் வேலையை முடித்ததும், ரிசால்வ் ஆவதன், அதாவது விளைவு நிறைவேறுவதன், கடைசிப் படியாக, அது கிரேவ்யார்டுக்குப் போகிறது. உயிர் போகும் அளவு டேமேஜ் வாங்கியிருக்கிறதா என்ற சோதனை விதி 704இல் வருகிறது, அது நடப்பது ரிசால்வ் முடிந்த பிறகு. அதற்குள் போல்ட் கிரேவ்யார்டில் விழுந்து இன்ஸ்டன்ட் என்ற மூன்றாவது வகையைச் சேர்த்துவிட்டது. டார்மோகாய்ஃப் இப்போது 3/4, மூன்று டேமேஜைத் தாங்கி நிற்கிறது. இந்த விடையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு விதிகளைத் தெரிந்தவர் இதே மாதிரியான வேறு எந்த மோதலுக்கும் தானே விடை கண்டுபிடிக்கலாம், மேஜையில் எதிரே இருப்பவருக்கும் காட்டலாம்.

இந்த ஒழுங்கு 1993இல் ஆட்டம் பிறந்தபோதே வந்ததல்ல. இன்டரப்ட் என்று தனி வேக வகை, தொகுதி தொகுதியாகத் தீர்க்கும் முறை என்று பழைய விதிகள் பின்னிக் கிடந்தன. 1999இல் சிக்ஸ்த் எடிஷனோடு ஸ்டாக் என்ற அடுக்கு முறை வந்துதான் கடைசியாகப் போட்டது முதலில் தீரும் என்ற ஒரே வழக்கம் நிலைத்தது. 2009இல் போர் டேமேஜையும் ஸ்டாக்கில் வைக்கும் முறையை எடுத்தார்கள். அப்போது பழைய ஆட்டக்காரர்கள் பலர் கொதித்தார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

புத்தகம் கடினமாகும் இடமும் உண்டு. பிளட் மூன் கார்டு மேஜையில் இருந்தால் பேசிக் (அடிப்படை) அல்லாத லேண்டுகள் எல்லாம் மவுண்டன் என்ற வகை ஆகிவிடும். 'அர்போர்க், டூம் ஆஃப் யாக்மோத்' என்ற லேண்ட் கார்டு இருந்தால் ஒவ்வொரு லேண்டும் கூடுதலாக ஸ்வாம்ப். இரண்டும் சேர்ந்தால்? விதி 613 தொடர் விளைவுகளை ஏழு லேயர்களாகப் பிரித்து வரிசைப்படுத்துகிறது. இவை இரண்டும் நான்காவது லேயரில், வகையை மாற்றும் இடத்தில், மோதுகின்றன. ஒரே லேயர் என்றால் முதலில் வந்தது முதலில் என்பது பொது வழக்கம். அதற்கு விலக்கு ஒன்று இருக்கிறது: ஒரு விளைவு செயல்படுமா என்பதே மற்றொன்றைச் சார்ந்திருந்தால், சார்ந்தது பின்னால் போக வேண்டும். அர்போர்க்கும் பேசிக் அல்லாத லேண்ட்தான். பிளட் மூன் அதை மவுண்டனாக்கும்போது அதன் எழுத்தே செல்லாமல் போகிறது. ஆகவே எது முதலில் மேஜைக்கு வந்திருந்தாலும் பிளட் மூன்தான் வெல்லும், அர்போர்க்கால் எந்த லேண்டும் ஸ்வாம்ப் ஆகாது. இதைப் புதியவர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டித் தனியாகக் கண்டுபிடிப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் விளக்கினால் ஒவ்வொரு படியையும் அவரால் சரிபார்க்க முடியும்.

யூ-கி-ஓ பக்கம் வருவோம். ஜப்பானில் 1999இல் தொடங்கிய ஆட்டம் இது. 2011இல் ஆங்கிலக் கார்டுகளின் எழுத்து முறையை அதை வெளியிடும் கொனாமி நிறுவனம் மாற்றியது. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது ஆக்டிவேட் செய்யலாம் என்ற நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆக்டிவேட் செய்யும்போதே செய்ய வேண்டியது, அதாவது காஸ்ட்டும் (கொடுக்கும் விலை) டார்கெட்டும் (குறிவைக்கும் கார்டு). அதற்குப் பின்னால் வருவதுதான் விளைவு. பாட் ஆஃப் டிசையர்ஸ் கார்டைப் பாருங்கள்: டெக்கின் மேலிருந்து 10 கார்டுகளைக் கவிழ்த்து பேனிஷ் செய் (ஆட்டத்திலிருந்து விலக்கு), அரைப்புள்ளி, 2 கார்டு எடு. எதிராளி ஆஷ் ப்ளாஸம் என்ற கார்டால் அதன் விளைவை நிறுத்திவிட்டார். பத்துக் கார்டுகள் திரும்ப வருமா? வராது, அவை அரைப்புள்ளிக்கு முன்னால் இருக்கின்றன. எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை, கேள்வி முடிந்தது. ஒரு நிறுத்தற்குறிக்கு இவ்வளவு வேலை கொடுத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அடிப்படை விதி கார்டில் இருக்காது. மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன் ஒரு ஸ்பெல் அல்லது ட்ராப்பை அழிக்கும். நம் மான்ஸ்டர்களை எல்லாம் அழிக்கும் ரைகேகியை எதிராளி போடுகிறார், நாம் அதன்மேல் டைஃபூனைச் செயின் செய்து, அதாவது அது நடப்பதற்குள் குறுக்கே போட்டு, அழிக்கிறோம். ரைகேகி நின்றுவிடும் என்றுதான் தொடக்க ஆட்டக்காரர் நினைப்பார். நிற்காது. அழிப்பது வேறு, நெகேட் செய்வது (விளைவை ரத்து செய்வது) வேறு. கார்டு போய்விடும், விளைவு நடந்தே தீரும். அதுவே கன்டினியூவஸ் ஸ்பெல்லாக இருந்தால் அது களத்தில் முகம் மேலாக இருந்தால்தான் செயல்படும், அப்போது டைஃபூன் பலிக்கும். இந்த வேறுபாடு இரண்டு கார்டுகளின் எழுத்தையும் எத்தனை முறை படித்தாலும் தெரியாது.

இதைவிட மனதை நோகடிப்பது டைமிங் தவறுவது. பெடன் த டார்க் கிளவுன் என்ற மான்ஸ்டர் கிரேவ்யார்டுக்குப் போகும்போது, விரும்பினால் அதை பேனிஷ் செய்து இன்னொரு பெடனைக் கொண்டுவரலாம். அதையே டிரிப்யூட்டாக (பலியாக) கொடுத்துப் பெரிய மான்ஸ்டரை சம்மன் செய்தால் (களத்துக்கு அழைத்தால்) முடியாது. காரணம், அதன் எழுத்து 'வென்' என்று தொடங்கி, 'யூ கேன்' என்று விருப்பமாக விடுகிறது. அப்படிப்பட்டவை கடைசியாக நடந்த நிகழ்ச்சிக்குத்தான் பதில் சொல்லும். இங்கே கடைசி நிகழ்ச்சி சம்மன். 'இஃப்' என்று எழுதியிருந்தால் இந்தத் தடை கிடையாது. இத்தனை நுணுக்கத்தை ஒரு சொல்லில் ஏற்றி வைத்துவிட்டு, மேஜிக்கில் இருப்பது போன்ற எண்ணிட்ட முழுத் தொகுப்பை ஆங்கில ஆட்டக்காரர் கையில் தராமல் இருப்பது நியாயமில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது கொனாமியின் ஜப்பானிய கார்டுத் தளத்தில் உள்ள கேள்வி-பதில்கள். இன்ன கார்டுக்கு இன்ன கார்டு போட்டால் என்ன ஆகும் என்று குறிப்பாகப் பதில் இருக்கும், அது பெரிய உதவி. காரணம் மட்டும் பல சமயம் இருக்காது. காரணம் இல்லாத பதிலைப் பக்கத்துக் கார்டுக்குப் பொருத்த முடியாது. சில கேள்விகளுக்கு 'இன்னும் பரிசீலனையில் உள்ளது' என்ற பொருளில் பதில் வருவது ஜப்பானிய ஆட்டக்காரர்களிடையே பிரபலம். ஆங்கிலப் பதிப்பின் போட்டிகளிலோ, அந்த அரங்கின் தலைமை நடுவர் சொல்வதுதான் இறுதி. ஜப்பானிய விடையும் அங்கே கிடைத்த விடையும் வேறுபட்ட கார்டுகள் உண்டு.

பழைய கார்டுகளில் இரண்டுமே ஆட்டக்காரரைச் சோதிக்கும். 1994இல் வந்த ஒரு மேஜிக் கார்டில் அச்சாகியிருப்பது செல்லாது, மேஜிக்கின் அதிகாரப்பூர்வ கார்டுத் தளமான கேதரரில் இருக்கும் ஆரக்கிள் எழுத்துதான், அதாவது திருத்திய வாசகம்தான், செல்லும். 2011க்கு முந்தைய யூ-கி-ஓ கார்டிலும் நிறுத்தற்குறிகளை நம்பாதீர்கள், மறு அச்சின் எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

போகிமான் இந்தப் போட்டியில் அதிகம் கலந்துகொள்ள வேண்டியதில்லை. எதிராளியின் முறையில் நாம் கார்டு போட்டுக் குறுக்கிடும் வழக்கம் அங்கே இல்லை, ஆகவே ஸ்டாக்கும் செயினும் இல்லை, பாதிச் சிக்கல் பிறப்பதே இல்லை. சிறுபிள்ளைகளோடு ஆடுகிறவர்கள் விதிச் சண்டைக்கு அஞ்சினால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நடுவர் இருக்கும் போட்டி என்றால் இரண்டு ஆட்டத்திலும் கை தூக்குங்கள், தயங்காதீர்கள். மேஜைக்கு வந்த நடுவரின் தீர்ப்பு சரியில்லை என்று தோன்றினால் தலைமை நடுவரிடம் முறையிட உரிமை உண்டு. வீட்டு மேஜையில் என்றால் மேஜிக்காரர்கள் ஆரக்கிள் எழுத்து, அதற்குக் கீழே உள்ள ரூலிங் குறிப்புகள், பிறகு விதி எண் என்ற வரிசையில் போகலாம். யூ-கி-ஓவில் செயினின் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு தாளில் எழுதி, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். டைமிங் தவறியதா என்பது அந்தத் தாளிலேயே தெரியும். சாட்பாட்டிடம் கேட்கிறவர்கள் கூடவே விதி எண்ணையும் கேளுங்கள், அந்த எண்ணைப் புத்தகத்தில் திறந்து பாருங்கள். மேஜிக்கில் அப்படிச் சரிபார்க்க ஓர் இடம் இருக்கிறது. யூ-கி-ஓவில் அந்த இடத்தைக் கொனாமி இன்னும் ஆங்கிலத்தில் கட்டித் தரவில்லை, தர வேண்டும்.