‘மெரைன் கிரேடு’ என்று சொல்லி கேட் சக்கரத்தைத் தலையில் கட்டிய கதை

பாய்ப்படகுக்குக் கப்பி வாங்கப் போய் 14,500 ரூபாய் போனது. படகின் குறுக்குப் பலகையில் தேவையில்லாமல் ஆறு ஓட்டை. மச்சினனுக்கு முழங்கையில் நான்கு தையல். படகுப் பக்கமே போகாதவர்களும் இதைப் படிக்கலாம். மாடிக் கைப்பிடிக்கும் வாசல் கேட்டுக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்கப் போனால் அங்கேயும் இதே காந்த வித்தையைத்தான் காட்டுகிறார்கள்.

மதுரையில் பாய்ப்படகு வைத்திருக்கிறேன் என்றாலே சிரிப்பார்கள். முதலில் வைகையில் தண்ணீரைக் காட்டுங்கள் என்பார்கள். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது. ஊருக்குத் திரும்பும்போது, ஒருவர் கழித்துக் கட்டிய பழைய என்டர்பிரைஸ் வகைப் படகை வாங்கி லாரியில் ஏற்றி வந்துவிட்டேன். 1956-ல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த வகை. பதின்மூன்றேகால் அடி நீளம், பிளைவுட் உடம்பு, நீலப் பாய், இரண்டு பேர் ஓட்டலாம். வீட்டு ஓரம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். மாதம் ஒரு தடவை டிரெய்லரில் மாட்டி தேவிபட்டினம் பக்கம் கொண்டுபோவோம். அங்கே பாக் விரிகுடாவில் வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவு, மார்பளவு தண்ணீர்தான். எங்களை மாதிரி அரைகுறைகளுக்கு ஏற்ற கடல்.

பெரிய பாயின் அடியில் கிடக்கிற கட்டைக்குப் பூம் என்று பெயர். அதை இழுத்தும் விட்டும் காற்றுக்குத் தக்கபடி வைக்கிற கயிறு மெயின்ஷீட். நம் கடற்கரையில் தாமான் என்பார்கள். கடலில் இருக்கிற நேரமெல்லாம் கையில் இருக்கிற கயிறு அது ஒன்றுதான். என் படகில் அது ஓடியது இரண்டு பழைய கப்பிகள் வழியாக. சக்கரம் தேய்ந்து சிக்கிச் சிக்கித்தான் சுற்றும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் ராத்திரி சோற்றுக்குக் கை மடங்காது.

அதனால் மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். பூமில் இரண்டு நல்ல கப்பி. குறுக்குப் பலகையில் சுழலும் பீடம், அதன் மேல் ராட்செட் கப்பி, அதை ஒட்டி ஒரு கேம் கிளீட். ராட்செட் கப்பி இழுக்கிற பக்கம் மட்டும் சுற்றும். கயிறு திரும்பி ஓடப் பார்த்தால் சக்கரம் நின்றுகொள்ளும், பாரத்தில் பெரும்பகுதியை உராய்வே தாங்கிவிடும். கேம் கிளீட் என்பது பல் வைத்த இரண்டு தாடை, உள்ளே ஸ்பிரிங். கயிற்றை நடுவில் இறக்கினால் கவ்விக்கொள்ளும், இழுவை கூடக் கூட இறுகும். விட வேண்டுமானால் மேலே ஒரு சுண்டு சுண்டினால் போதும். கயிறு உடனே விட்டுப் போக வேண்டும், முக்கியமே அதுதான்.

வெளிநாட்டுச் சாமான் விலை சுங்கத்தோடு சேர்த்துத் தலையைச் சுற்றியது. அப்போதுதான் வெளி வீதிகளில் ஒன்றில் இருக்கிற ஒரு ஹார்டுவேர் கடையை நண்பர் ஒருவர் காட்டிவிட்டார். பெயரைப் போடப் போவதில்லை, புகார் போயிருக்கிறது.

கடைக்காரர் வாய் தேன். “இம்போர்ட் எல்லாம் எதுக்கு சார், நாங்க கப்பலுக்கே சப்ளை பண்றோம்” என்றார். கடல் உப்பைத் தாங்குகிற ஸ்டீல் ரகத்துக்கு 316 என்று எண், அதுதானா என்று இரண்டு தடவை கேட்டேன். மேசை டிராயரிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்தார். கப்பியின் பக்கத் தகட்டில் வைத்தார், விட்டார். காந்தம் கீழே விழுந்தது. “ஒட்டலை பாருங்க. பக்கா மெரைன் கிரேடு.” நானும் தலையை ஆட்டினேன். படித்தவன்தான். இருந்தாலும் ஆட்டினேன்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் அது சாதா இரும்பு இல்லை, அவ்வளவுதான். 304-ம் ஒட்டாது, 316-ம் ஒட்டாது, மலிவு 202-ம் ஒட்டாது. 304 என்பது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-ல் அதற்கு மேல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பார்கள், உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்காமல் காப்பது அதுதான். 202-ல் நிக்கலைக் குறைத்துவிட்டு மாங்கனீசைப் போட்டிருப்பார்கள். வீட்டுக்குள் தட்டு ஸ்டாண்டுக்குச் சரி. கடலுக்குக் கொண்டுபோனால் பல் இளிக்கும். கூத்து என்னவென்றால், நல்ல 304-ஐ வளைத்துத் தட்டினால் அந்த இடத்தில் காந்தம் லேசாக ஒட்டவும் செய்யும். ஆகக் காந்தத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல முடியாது.

முன்பணம் 8,000. பத்து நாளில் தருகிறேன் என்றவர் ஏழு வாரம் இழுத்தார். பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி 18 பெர்சன்ட் ஏறும் சார், உங்களுக்குத்தான் நட்டம்” என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் ‘எஸ்.எஸ். புல்லி 3, லாக் 1’ என்று கிறுக்கிக் கொடுத்தார். நட்டம் பார்த்த நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாட்டித் தர அவரே ஆளும் அனுப்பினார். வந்தவர் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு “இது தெப்பக்குளத்துக்காண்ணே?” என்றார். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம், தைப்பூசத்துக்கு வடம் பிடித்து இழுத்துத்தான் தெப்பத்தைச் சுற்றி வருகிறோம், அதற்குப் பாயும் வேண்டாம் தாமானும் வேண்டாம் என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் டிரில்லைப் போட ஆரம்பித்துவிட்டார். பலகையின் அடிவரைக்கும் போல்ட் விட்டு, கீழே அகலமான வாஷர் கொடுத்து, ஓட்டையில் சீலண்ட் பூசி முடுக்க வேண்டிய வேலை. அவர் முக்கால் அங்குல மர ஸ்குரூவை மேலே இருந்து முறுக்கிவிட்டு இடத்தைக் காலி செய்தார். மழை வருகிற மாதிரி இருந்தது, எனக்கும் அவசரம். சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்த ஒரு ‘சரி’க்கு நான்தான் பொறுப்பு. அம்மா மட்டும் வந்து பார்த்துவிட்டு, “இதுக்கா இம்புட்டுக் காசு? நம்ம கெணத்துச் சகடை இதைவிட நல்லாச் சுத்துமே” என்றாள்.

முதல் தடவை கடலில் ஓரளவு நன்றாகவே ஓடியது. ராட்செட் சத்தம் மட்டும் கேட்கவில்லை. இழுக்கும்போது கடகடவென்று கேட்க வேண்டும். புதுச் சாமான், போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஆனி மாதம், இரண்டாம் தடவை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து விட்டு விட்டு அடித்தது. தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது, காற்று மட்டும் திடீர் திடீரென்று வந்து தள்ளியது. கை வலிக்காமல் இருக்கட்டுமே என்று தாமானைக் கிளீட்டில் இறக்கினேன். படகை மறுபக்கம் திருப்பி, நாங்களும் இடம் மாறி உட்கார்ந்தோம். கிளீட்டைத் தாங்கிய பீடம் எங்களோடு சேர்ந்து சுழன்று எங்கள் பக்கம் பார்க்க வேண்டும். அது பழைய பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. நான் கயிற்றைச் சுண்டினேன். கயிறு கிளீட் வாயில் இருக்கும் கம்பி வளையத்தைச் சுற்றி மடங்கி வருகிறது, மேலே எழும்பவே இல்லை. இன்னும் பலமாகச் சுண்டினேன், இன்னும் இறுகியது. “கயித்த விடுங்க மாமா, விடுங்க!” என்று கத்துகிறான் மச்சினன். விடத்தானே பார்க்கிறேன்!

கவிழ்ந்தோம். கவிழும்போதுதான் ஸ்குரூ எல்லாம் பிய்த்துக்கொண்டு பீடம் கையோடு வந்தது. பத்து நொடி முன்னால் பிய்ந்திருந்தால் கவிழ்ந்தே இருக்க மாட்டோம். பிசிர் எடுக்காத தகட்டு ஓரத்தில் மச்சினன் முழங்கை விழுந்தது. பாய்மரம் போய்ச் சேற்றில் குத்தி நின்றுவிட்டது, நாங்கள் இரண்டு பேர் தொங்கியும் நிமிரவில்லை. வலை எடுத்துவிட்டுத் திரும்பிய வல்லத்தில் இருந்தவர்கள் வந்து நிமிர்த்திக் கொடுத்தார்கள். அதில் மூத்தவர் என் கையில் இருந்த கிளீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாமானுக்கு எதுக்குய்யா பூட்டுப் போட்டு வச்சிருக்கீக?”

அவர் கேட்டதில் தப்பில்லை. விட்டு விட்டு அடிக்கிற காற்றில் சின்னப் படகின் தாமானைக் கிளீட்டில் விடக்கூடாது என்பது எனக்கும் சொல்லிக் கொடுத்த பாடம்தான். ஆனாலும் இரண்டே தடவை கடல் பார்த்த ‘மெரைன் கிரேடு’ பீடம் துருவேறி இறுகியது எப்படி?

வீட்டில் எல்லாவற்றையும் பேப்பர் விரித்துப் பிரித்தேன். பக்கத் தகடு நிறைய தேயிலைக் கறை மாதிரி பழுப்பு. அச்சாணியில் காந்தத்தை வைத்தேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. ஸ்குரூவும் அப்படியே. கப்பிக்குள் எஃகுக் குண்டு பேரிங், சுற்றிலும் கிரீஸ், கிரீஸ் முழுக்க மணல். பாய்ப்படகுக் கப்பியில் பிளாஸ்டிக் குண்டுதான் போடுவார்கள். கிரீஸே கூடாது, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். ராட்செட்டைப் போடவும் எடுக்கவும் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. நகத்தால் நெம்பினேன், கழன்று வந்தது. பின்னால் ஒன்றும் இல்லை, பசை மட்டும். மூன்று சக்கரத்திலும் வெட்டுத் தடத்தைப் பார்த்தவுடனே எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. எதிர்வீட்டு ஸ்லைடிங் கேட்டில் குனிந்து பார்த்தேன். அதே சக்கரம். வேறொரு கடையில் விலை கேட்டேன், ஒன்று 90 ரூபாய்.

தகட்டில் ஒன்றை உலோகப் பரிசோதனை செய்யும் இடத்துக்கு எடுத்துப் போனேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தகட்டில் வைத்து அழுத்துகிறார்கள், நிமிஷத்தில் எண்கள் வந்துவிடுகின்றன. மாலிப்டினம் பெயருக்குக்கூட இல்லை. நிக்கலைவிட மாங்கனீசு அதிகம். 202.

கடைக்குப் போய்க் காட்டினேன். அவர் பதறவே இல்லை. “உப்புத் தண்ணியில போட்டா எதுதான் சார் துருப்பிடிக்காது?” என்றார்.

1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதது பெரிய ஓட்டைதான். ஆனால் பணம் போனது ஜிபே வழியாக. ‘316 மெரைன் கிரேடு, 5 வருஷ கேரண்டி’ என்று அவரே வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியும் இருக்கிறது. எஸ்டிமேட் சீட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். எதை வாங்கினாலும் வாயால் சொல்வதை ஒரு வரி வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்டீலுக்கு ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். இல்லை என்றால் 316 விலை கொடுக்காதீர்கள்.

கப்பி வாங்குகிறவர்கள் உங்கள் கயிற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். என்னுடையது 8 மில்லி. கிளீட்டின் தாடை அந்தத் தடிமனுக்கு ஏற்றதா என்று அங்கேயே இறக்கிப் பாருங்கள், சாய்வாக இழுத்தும் சுண்டிப் பாருங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது கப்பி உடம்பிலேயே பொறித்திருக்க வேண்டும். என்னுடையதில் 500 கிலோ என்று ஸ்டிக்கர்தான் இருந்தது, முதல் நாளே கடலோடு போய்விட்டது.

ஆறு ஓட்டையையும் எபாக்சி வைத்து அடைத்தாயிற்று. பிளைவுட் ஓரம் கொஞ்சம் ஊறி உப்பியிருக்கிறது, காய்ந்தால்தான் தெரியும். பழைய கப்பிகளையே கழுவி மாட்டியிருக்கிறேன்.

நேற்று கடைக்காரர் அழைத்தார். குரலில் தேன் திரும்பிவிட்டது. பாதிப் பணம் தருகிறேன், சாமானைத் திருப்பித் தந்துவிடுங்கள், நெட்டில் போட்டதை மட்டும் எடுத்துவிடுங்கள் சார் என்றார். நேற்று வரைக்கும் நான் எதையும் போட்டிருக்கவில்லை.