கேஸ் மாத்திரையும் பி12-ம்: எது எவ்வளவு பறிக்கிறது?

நெஞ்செரிச்சல் என்று மருந்துக்கடையில் போய் நின்றால் மூன்று ரகத்தில் ஏதோ ஒன்று கைக்கு வரும். ஒன்று, மூடியில் ஊற்றிக் குடிக்கும் ஜெல். இன்னொன்று ஃபாமோடிடின், ரானிடிடின் வகை. மூன்றாவது பான்டோபிரசோல், ஒமேபிரசோல் வகை. நமக்கு எல்லாமே ‘கேஸ் மாத்திரை’தான். ஆனால் சத்து உடம்பில் சேரும் விஷயத்தில் மூன்றும் ஒன்றல்ல.

ஜெல், ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தைச் சமன் செய்வதோடு சரி. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் மட்டும் அந்த இரும்பு சரியாக உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். பால், முட்டை, கறியில் உள்ள பி12 வைட்டமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வயிற்றுக்குள் வருகிறது. அதைப் பிரித்தெடுக்க அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் வேண்டும். ஃபாமோடிடின் அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் சமிக்ஞையை மட்டும் தடுக்கிறது. அரை நாள் தாங்கும், தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகியும்விடும். பான்டோபிரசோல் அமிலம் இறைக்கும் பம்பையே அடைத்துவிடுகிறது. புதுப் பம்புகள் உருவாகும்வரை, ஒரு நாளுக்கு மேலும், சுரப்பு குறைந்தே இருக்கும்.

அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ பம்பை அடைக்கும் மாத்திரை எடுத்தவர்களிடம் பி12 குறைபாடு 65 சதவீதம் கூடுதலாகவும், ஃபாமோடிடின் வகை எடுத்தவர்களிடம் 25 சதவீதம் கூடுதலாகவும் காணப்பட்டது. மாத்திரைதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது.

ஈரலில் பி12 வருடக்கணக்கில் தாங்கும் அளவுக்கு இருப்பு இருக்கும். அதனால் பதினைந்து நாள் மாத்திரைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. எனக்குக் கவலை சர்க்கரைக்காரர்களைப் பற்றித்தான். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். நம் ஊர் மருந்துச் சீட்டில் இதுவும் பான்டோபிரசோலும் அடுத்தடுத்த வரியில் இருப்பது சாதாரணம். அப்புறம் பாதம் மரத்துப்போனால் ‘சுகர் முத்திடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். பி12 குறைந்தாலும் அதே மாதிரிதான் மரக்கும். ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். குறைந்திருந்தால் பெரும்பாலும் பி12 மாத்திரையே போதும், ஏனென்றால் மாத்திரையில் உள்ள பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் தேவையில்லை.

மக்னீசியம் குறைவதாக 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும் பம்பை அடைக்கும் வகையைப் பற்றித்தான். கால்சியம் மாத்திரை போடுபவர்கள் கார்பனேட்டை விட்டு சிட்ரேட்டுக்கு மாறலாம். அதற்கு அமிலம் தேவைப்படாது.

எப்போதாவது வரும் எரிச்சலுக்கு என் ஓட்டு ஜெல்லுக்கோ ஃபாமோடிடினுக்கோதான். ரானிடிடினில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு இருந்ததால் 2020-ல் அமெரிக்காவில் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும், அந்த அபாயத்தோடு ஆஸ்பிரின் போடுபவர்களும் பி12-க்குப் பயந்து பான்டோபிரசோலைக் கைவிடக் கூடாது. தேவையில்லை என்று டாக்டர் சொன்னவர்களும் மெதுவாகக் குறைத்தே நிறுத்துவது நல்லது. திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம். பழைய வியாதி திரும்பிவிட்டது என்று பலர் மறுபடி மாத்திரைக்குப் போவது அந்த நாட்களில்தான்.