ஒரே பெரிய பூங்காவா, பல சிறு பசுமைத் துண்டுகளா?

உயிரினங்களைக் காக்கப் பெரிய இடமே மேல் என்று 1975-இல் சூழலியலாளர் ஜாரெட் டயமண்ட் சொன்னார். அடுத்த ஆண்டே சிம்பர்லாஃப், ஏபல் என்ற இரு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இயற்கைக் காப்பிடங்களைப் பற்றிய அந்த வாதம் நகரப் பசுமைக்கும் பொருந்தும்.

பெரிய பூங்காவின் பலம் அதன் நடுப்பகுதி. வெயில், இரைச்சல், வீட்டுப் பூனை எல்லாம் விளிம்போடு பெரும்பாலும் நின்றுவிடும். பட்டுப்போன மரத்தை வெட்டாமல் விடவும் இடமிருக்கும்: மரங்கொத்தி பொந்து குடையும், அது விட்டுப்போன பொந்தில் ஆந்தை குடியேறும், உளுத்த கட்டையைப் பூஞ்சையும் வண்டுப் புழுவும் மண்ணாக்கும். இந்தப் பின்னல் சிறு துண்டில் சீக்கிரம் அறுந்துபோகும்.

சிறு துண்டுகள் வீணல்ல. பல தேனீக்களுக்குப் பூத்த மூலையே போதும். மண்ணும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறுவதால் மொத்தச் செடி வகைகள் கூடவும் செய்யலாம். ஆனால் நடுவே அகலச் சாலை வந்தால் தவளைக்கு அது கடல். (மழித்த புல்தரை என்றால் பெரியதும் தேறாது, சிறியதும் தேறாது.)

என் ஓட்டு பெரியதுக்கே. புது இடமே கிடைக்காத நெரிசல் நகரத்தில் மட்டும், துண்டுகளைத் தெருமர வரிசையால் இணைக்கலாம்.